துனாருக்குக் கை கால் எங்கே? டெபியன் எக்ஸ்எஃப்சிஇ-யில் துணைப் பொதிகள்

கேள்வி, 06-01-2024

டெபியன் 12 லினக்ஸ், எக்ஸ்எஃப்சிஇ டெஸ்க்டாப். பழைய லேப்டாப், 4 ஜிபி ராம். அதன் ஃபைல் மேனேஜரான துனாரில் ஜிப் ஃபைல் மேல் ரைட் கிளிக் செய்தால் பிரித்தெடுக்க வழியே இல்லை. வீடியோக்களுக்குத் தம்ப்நெயில் வருவதில்லை. ஐபோன் படங்கள் திறக்க மறுக்கின்றன. ஆண்ட்ராய்டு போனைச் சொருகினால் சார்ஜ் மட்டும் ஏறுகிறது. இது ஃபைல் மேனேஜரா, வெறும் பொம்மையா? கேடிஇ டெஸ்க்டாப்பின் ஃபைல் மேனேஜரான டால்ஃபினுக்கு மாறிவிடலாம் என்று இருக்கிறேன். யாராவது தடுப்பீர்களா?

06-01-2024, இரவு 9.40

தடுக்கிறேன். இதே கோபத்தில் நானும் ஒருமுறை டால்ஃபின் போட்டேன். அது தனியாக வரவில்லை. பெண் பார்க்க வந்த மாப்பிள்ளை வீட்டார் மாதிரி கேடிஇ நூலகங்கள் எல்லாவற்றையும் கூட்டிக்கொண்டு வந்தது. 4 ஜிபி கணினிக்கு அது பெரிய கும்பல்.

துனார் பொம்மை இல்லை. அதன் கை கால்களைத் தனிப் பொதிகளாக (பேக்கேஜ்) வைத்திருக்கிறார்கள். பொதிகளைப் போடவும் எடுக்கவும் டெபியனில் இருக்கும் கருவி ஆப்ட். டெர்மினலில் "ஆப்ட் ஷோ துனார்" என்று அடித்துப் பாருங்கள். டிபெண்ட்ஸ் என்ற வரியில் இருப்பவை இல்லாமல் துனார் ஓடாது. ரெக்கமெண்ட்ஸ் வரியில் இருப்பவை சாதாரணமாகக் கூடவே வரும், நீங்கள் நிறுத்தி வைத்திருந்தால் ஒழிய. கடைசியாக சஜெஸ்ட்ஸ் என்று ஒரு வரி. அதை யாரும் படிப்பதில்லை, ஆப்ட்டும் தானாகப் போடாது. நீங்கள் தேடும் ஜிப் பிளகின் அந்த வரியில்தான் உட்கார்ந்திருக்கிறது.

என் ஊகம்: குறைந்தபட்ச நிறுவலில் எக்ஸ்எஃப்சிஇ4 என்ற பொதியை மட்டும் போட்டிருக்கிறீர்கள். எக்ஸ்எஃப்சிஇ4-குடீஸ் என்று இன்னொன்று உண்டு. பெயரைப் பார்த்தால் தின்பண்டப் பொட்டலம் மாதிரி இருக்கும், ஆனால் பாதிச் சாப்பாடு அதற்குள்தான்.

06-01-2024, இரவு 10.20

இப்போது உங்கள் நான்கு புகார்கள்.

ஜிப்புக்கு துனார்-ஆர்க்கைவ்-பிளகின். வீடியோ தம்ப்நெயிலுக்கு டம்ப்ளர்-பிளகின்ஸ்-எக்ஸ்ட்ரா. டம்ப்ளர் என்பது பின்னால் இருந்து முன்படம் வரைகிற சேவை. துனார் அதைக் கேட்டு வாங்கிக் காட்டுகிறதே தவிர, தானாக எதையும் வரைவதில்லை.

ஆண்ட்ராய்டு போனுக்கு ஜிவிஎஃப்எஸ்-பேக்எண்ட்ஸ். போட்டுவிட்டு ஒருமுறை லாக் அவுட் செய்து வாருங்கள், போனிலும் "ஃபைல் டிரான்ஸ்ஃபர்" தேர்ந்தெடுங்கள். ஜிவிஎஃப்எஸ்-ஃபியூஸும் சேர்த்துப் போடுங்கள். அது இல்லாவிட்டால் போனில் இருக்கும் ஃபைல் துனாரில் தெரியும், வேறு சில நிரல்களில் திறக்காது. "கண்ணுக்குத் தெரியுது, கைக்கு வரலையே" என்று இதில் நான் அரை நாள் விட்டிருக்கிறேன்.

ஐபோன் படம் எச்இஐசி வடிவம், 2017-இல் ஐஓஎஸ் 11 வந்ததிலிருந்து. ஹெய்ஃப்-ஜிடிகே-பிக்ஸ்பஃப் போட்டால் எக்ஸ்எஃப்சிஇ-யின் படம் பார்க்கும் நிரலான ரிஸ்ட்ரெட்டோ திறக்கும். வெப்பி படங்களுக்கு வெப்பி-பிக்ஸ்பஃப்-லோடர். இதில் எனக்குப் பிடித்த விஷயம், ரிஸ்ட்ரெட்டோவுக்கு என்று எதையும் நாம் போடவில்லை. ஜிடிகே என்ற கருவித்தொகுப்பில் எழுதிய நிரல்கள் பல சேர்ந்து பயன்படுத்தும் படம் திறக்கிற நூலகத்துக்கு ஒரு கண் கூடுதலாக வைத்தோம். அதை நம்பியிருக்கும் நிரல்கள் எல்லாவற்றுக்கும் பார்வை வந்துவிடும்.

07-01-2024

நேற்று எழுதியதில் ஒன்று விட்டுப்போனது. ஆர்க்கைவ் பிளகின் தானாக எதையும் பிரிக்காது. அது ஒரு தரகர். ஃபைல்-ரோலர், எங்ராம்பா, எக்ஸ்ஆர்க்கைவர் என்று ஏதாவது ஒன்று கணினியில் இருக்க வேண்டும், வேலையை அதனிடம் தள்ளிவிடும். தள்ளிவிடுவதற்கென்று ஒவ்வொன்றுக்கும் ஒரு குட்டி ஷெல் ஸ்கிரிப்ட், "டாப்" என்று பின்னொட்டு போட்டு வைத்திருக்கிறார்கள்.

பழைய கதை ஒன்று. ஃபைல்-ரோலர் தன் மெனு ஃபைலின் பெயரை நீட்டி மாற்றிக்கொண்டது. தரகரிடம் இருந்த ஸ்கிரிப்டோ பழைய பெயரில். நிரல் கண்ணெதிரே நிற்கிறது, பிளகின் "பொருத்தமான ஆர்க்கைவ் மேனேஜர் கிடைக்கவில்லை" என்கிறது. பழைய ஸ்கிரிப்டுக்குப் புதிய பெயரில் ஒரு சிம்லிங்க் (அதே ஃபைலைக் காட்டும் சுட்டி) போட்டதும் தீர்ந்தது. பிந்தைய பதிப்பில் அவர்களே சரிசெய்துவிட்டார்கள். அந்த ஸ்கிரிப்டைத் திறந்து படித்த அன்றுதான் இந்தத் துணைப் பொதிகள் மேல் இருந்த பயம் எனக்குப் போனது. உள்ளே பெரிய மந்திரம் ஒன்றும் இல்லை.

09-01-2024

மூன்று வேலை செய்கிறது, ரார் வகை ஆர்க்கைவ் மட்டும் வரவில்லை என்கிறீர்கள். அனார் என்ற பொதியைப் போட்டுவிட்டு ஃபைல்-ரோலரில் திறந்து பாருங்கள்.

எக்ஸ்ஃபேட் முறையில் ஃபார்மட் செய்த பென்டிரைவ் பற்றி இன்னொருவர் கேட்டிருக்கிறார். "எக்ஸ்ஃபேட்-ஃபியூஸ் போடு" என்பது பழைய அறிவுரை. 2020-இல் வந்த லினக்ஸ் 5.7 கெர்னலிலிருந்தே எக்ஸ்ஃபேட் ஆதரவு உள்ளுக்குள் முறையாக வந்துவிட்டது. டெபியன் 12-இல் இருப்பது 6.1. ஒன்றும் போட வேண்டாம். துணைப் பொதி அறிவுரைகளில் பாதி இப்படித்தான், நோய் தீர்ந்த பிறகும் மருந்துச் சீட்டு கைமாறிக்கொண்டே இருக்கும்.

21-01-2024

பரோல் பிளேயர் வீடியோ ஓட்டவில்லை என்று ஒரு புகார். வீடியோ, ஆடியோவைப் பரோலுக்குப் படித்துக் கொடுக்கும் ஜிஸ்ட்ரீமர் பிளகின்கள் வேண்டும். பெயர்களைப் பாருங்கள்: குட், பேட், அக்ளி. நல்லது, கெட்டது, அசிங்கம்.

பலர் நினைப்பதுபோல் "பேட்" என்றால் ஆபத்தானது இல்லை. இன்னும் சரியாகச் சோதித்து, ஆவணம் எழுதி முடிக்காதது. "அக்ளி" தரத்தில் நன்றாகவே இருக்கும், காப்புரிமை, உரிமம் என்று சட்டச் சிக்கல் மட்டும் ஒட்டிக்கொண்டிருக்கும். எம்பி3 ரொம்ப நாள் அசிங்கத்தில் கிடந்தது. 2017-இல் காப்புரிமை உரிமத் திட்டம் முடிவுக்கு வந்தது, 2018-இல் வந்த 1.14 பதிப்பில் அது நல்லதுக்குப் பதவி உயர்வு பெற்றது. நம் ஊர் அரசியல்வாதிகளுக்கு நேர்வது போலத்தான், ஆள் மாறவில்லை, வழக்கு முடிந்துவிட்டது.

மூன்றோடு ஜிஸ்ட்ரீமர்-லிபாவ் என்பதையும் போட்டால் பரோல் கிட்டத்தட்ட எதையும் ஓட்டும். ஆனால் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இவ்வளவும் போட்டுவிட்டு நான் வீடியோ பார்ப்பது எம்பிவி-யில். முதலில் "மாற்றாதே, துணைப் பொதி போடு" என்று வீராப்பாகச் சொன்னேன் அல்லவா? வீடியோ விஷயத்தில் அது பொருந்தாது. ஊனமில்லாமல் ஒரே பொதியில் வருகிற நிரல் இருக்கும்போது பரோலுக்குக் கட்டுப்போட்டுக்கொண்டிருப்பது வீண் வேலை.

22-01-2024

டிவிடி: லிப்டிவிடி-பிகேஜி எதற்கு என்று கேட்டவருக்கு. கடையில் வாங்கின, பூட்டுப் போட்ட டிவிடிக்கு அது. உங்கள் மாமா கல்யாண டிவிடிக்கு யாரும் பூட்டுப் போட்டிருக்க மாட்டார்கள்.

11-02-2024

நான் ஏன் இதையெல்லாம் தேடித் தேடிப் போட்டேன் என்று சொல்லவில்லை. மன்னார்குடியில் சின்ன ஜெராக்ஸ் கடை. வருகிற ஆட்கள் போனிலும் பென்டிரைவிலும் என்னென்னவோ வடிவத்தில் கொண்டுவருவார்கள். "இது எங்க கம்ப்யூட்டர்ல திறக்காதுங்க" என்றால் அடுத்த தெருவுக்குப் போய்விடுவார்கள்.

என் கணினியில் இருந்த ரிஸ்ட்ரெட்டோவில் பிரிண்ட் வசதி கிடையாது. ஜெராக்ஸ் கடையில் படம் பார்க்கும் நிரலுக்குப் பிரிண்ட் இல்லை என்றால் டீக்கடையில் அடுப்பு இல்லை என்று அர்த்தம். இதற்குத் துணைப் பொதி தேடினேன், கிடைக்கவில்லை. கடைசியில் வழி துனாருக்குள்ளேயே இருந்தது. எடிட் மெனுவில் "கஸ்டம் ஆக்‌ஷன்ஸ்". எந்தக் கட்டளையையும் ரைட் கிளிக் மெனுவில் ஒரு வரியாகச் சேர்த்துவிடலாம்.

இப்போது என் மெனுவில் மூன்று வரிகள். "பிரிண்ட்": சிஎஸ் முறையின் எல்பி என்ற அச்சிடும் கட்டளை, காகிதத்துக்குப் பொருத்து என்ற தெரிவோடு. "பிடிஎஃப் ஆக்கு": இம்ஜி2பிடிஎஃப் என்ற சின்னப் பொதி. இது ஜேபெக் படத்தை மறுபடி அழுத்தாமல் அப்படியே பிடிஎஃப்-க்குள் வைக்கும், தரம் குறையாது. பத்துப் பக்கச் சான்றிதழ்களைத் தேர்ந்தெடுத்து ஒரு கிளிக், முடிந்தது. "ஜேபெக் ஆக்கு": லிப்ஹெய்ஃப்-எக்சாம்பிள்ஸ் பொதியில் வரும் ஹெய்ஃப்-கன்வெர்ட். அரசு இணையதளத்தில் ஏற்ற எச்இஐசி கொண்டுவருபவர்களுக்கு இதுதான்.

ஃபைல் பெயர் வரும் இடத்தில் சதவீதக் குறியும் சிறிய எஃப்-உம் போடுங்கள். பல ஃபைல் என்றால் பெரிய எஃப். பெயரில் இடைவெளி இருக்கலாம், அதனால் சுற்றி மேற்கோள்குறி போடுங்கள்.

12-02-2024

மேலே கடைசி வரி தவறு. மேற்கோள்குறி போடாதீர்கள். துனார் தானே போட்டுக்கொடுக்கிறது. நாமும் போட்டால் அதன் குறி ஃபைல் பெயரின் பகுதியாகிவிடும், "அப்படி ஒரு ஃபைலே இல்லை" என்று வரும். என் மெனுவில் போடவில்லை, ஊருக்கு மட்டும் போடச் சொல்லியிருக்கிறேன். நேற்று அதை நம்பிச் செய்து இரவு பதினொரு மணிக்கு என்னைத் திட்டியவரிடம் மன்னிப்புக் கேட்டாகிவிட்டது.

(மேலே "சிஎஸ் முறை" என்று இருப்பது "கப்ஸ் முறை", லினக்ஸின் அச்சு அமைப்பு. தட்டச்சுப் பிழை, கிண்டல் போதும்.)

17-03-2024

முதல் மாதம் எழுதியவற்றில் ஒன்றைப் பற்றி எனக்கே இப்போது மனம் மாறிவிட்டது. டம்ப்ளர்-பிளகின்ஸ்-எக்ஸ்ட்ரா.

முகூர்த்த சீசன். ஒருவர் 64 ஜிபி பென்டிரைவ் கொண்டுவந்தார், முழுக்கக் கல்யாண வீடியோ. அவருக்கு வேண்டியது உள்ளே இருந்த ஒரு பத்திரிகை பிடிஎஃப், 20 பிரதி. துனாரில் திறந்ததும் ஃபேன் மாவு மில் மாதிரி இரைய ஆரம்பித்தது. டம்ப்ளர் ஒவ்வொரு வீடியோவையும் திறந்து முன்படம் எடுத்துக்கொண்டிருக்கிறது. பிரிண்ட் முடிந்து பென்டிரைவை எடுக்கலாம் என்றால் "டிவைஸ் பிசி". அவர் நிற்கிறார், பின்னால் நான்கு பேர் நிற்கிறார்கள். டெர்மினலில் டம்ப்ளரைக் கொன்றுதான் கழற்றினேன்.

நாம் கேட்டது ஒரு வசதி. அது எல்லா ஃபோல்டரிலும், எல்லா நேரமும், கேட்காமலே வேலை செய்யும் என்று போடும்போது யோசிக்கவில்லை.

18-03-2024

நேற்று இரவு அந்த எரிச்சலில் டம்ப்ளர் முன்படங்களை எங்கே வைக்கிறது என்று தேடிப்போனேன். வீட்டு ஃபோல்டரில் மறைந்திருக்கும் கேஷ், அதற்குள் தம்ப்நெயில்ஸ். உள்ளே "நார்மல்" என்று 128 பிக்சல், "லார்ஜ்" என்று 256 பிக்சல். பெயரெல்லாம் எம்டி5 எண்கள், பார்த்தால் ஒன்றும் புரியாது. திறந்தேன்.

கடைக்கு வந்து போன அத்தனை பேரின் ஆதார் அட்டை. பாஸ்போர்ட் போட்டோ. பிள்ளைகளின் மார்க் ஷீட். யாரோ ஒரு அம்மாவின் ஸ்கேன் படம். பென்டிரைவைக் கழற்றிக் கையில் கொடுத்து "உங்க ஃபைல் எதுவும் எங்ககிட்ட இல்லீங்க" என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன், எத்தனை பேரிடம்! 256 பிக்சலில் ஆதார் எண் படிக்கக் கிடைக்காதுதான். முகம் தெரிகிறது.

இது டம்ப்ளரின் குற்றம் இல்லை. எல்லா டெஸ்க்டாப்பும் ஒத்துக்கொண்ட பொது விதிப்படி அதற்கு அங்கேதான் இடம். சொந்தக் கணினியில் இது நல்ல ஏற்பாடு, ஒருமுறை வரைந்ததை மறுபடி வரைய வேண்டாம். என் கடைக்குத்தான் பொருந்தவில்லை. அதைப் போட்டவன் நான்.

18-03-2024, மாலை

"துனார் அமைப்புகளில் 'லோக்கல் ஃபைல்களுக்கு மட்டும்' என்று வையுங்கள், பென்டிரைவுக்கு வராது" என்று பதில் வந்திருக்கிறது. வரும். செய்து பார்த்துவிட்டேன். துனார் கணக்கில் பென்டிரைவும் லோக்கல்தான். நெட்வொர்க்கில் இருப்பதுதான் வெளி.

நான் செய்தது: டம்ப்ளரின் அமைப்பு ஃபைலை வீட்டு கான்ஃபிக் ஃபோல்டருக்குள் நகலெடுத்து, ஒவ்வொரு பிளகின் பகுதியிலும் "எக்ஸ்க்ளூட்ஸ்" வரியில் மீடியா ஃபோல்டரைக் கொடுத்தேன். வீடியோ பகுதியில் "டிசேபிள்ட்" என்பதை ட்ரூ ஆக்கினேன். அதற்குப் பிறகும் நம்பிக்கை வராமல், லாகின் ஆகும்போது அந்த கேஷைத் துடைக்கும் ஒரு வரியை "செஷன் அண்ட் ஸ்டார்ட்அப்"பில் சேர்த்தேன். கூடவே, சமீபத்தில் திறந்தவற்றின் பட்டியல் ஒன்று "ரீசண்ட்லி யூஸ்டு" என்ற பெயரில் தனியாக இருக்கிறது. அதில் படம் இல்லை, ஃபைல் பெயர்கள் இருக்கும். அதற்கும் ஒரு வரி.

கடை வைத்திருப்பவர்கள், நூலகத்தில் பொதுக் கணினி பார்த்துக்கொள்பவர்கள் இன்றே போய்ப் பாருங்கள்.

25-08-2024

பட்டியலுக்குப் புதிய விபத்து. கடைக் கணினியில் சிடி டிரைவே கிடையாது, சிடி எழுதும் எக்ஸ்எஃப்பர்ன் எதற்கு என்று நீக்கினேன். கூடவே எக்ஸ்எஃப்சிஇ4-குடீஸ் போகும் என்று ஆப்ட் சொன்னது. அது வெறும் மேல் பொட்டலம், போகட்டும் என்று ஒய் அடித்தேன். பிறகு பழக்கதோஷத்தில், தேவையற்ற பொதிகளைத் துடைக்கும் ஆட்டோரிமூவ். நீளமான பட்டியல் வந்தது. படிக்கவில்லை.

மறுநாள் காலை விஸ்கர் மெனு இல்லை. ரிஸ்ட்ரெட்டோ இல்லை. பேனலில் பாதி காலி. மேல் பொட்டலம் போனதும் "இவற்றை யாரும் கேட்கவில்லை" என்று ஆப்ட் கணக்குப் போட்டுவிட்டது.

மீட்க, வார் லாக் ஆப்ட் ஃபோல்டரில் ஹிஸ்டரி என்ற பதிவேடு இருக்கிறது. எந்தத் தேதியில் எது வந்தது, எது போனது, எந்தக் கட்டளையால் என்று எல்லாம் இருக்கும். மாதம் ஒருமுறை சுற்றி, பன்னிரண்டு வரை வைத்துக்கொள்ளும். அதைப் பார்த்துத் திரும்பப் போட்டேன். இந்த முறை ஒவ்வொன்றையும் பெயர் சொல்லிப் போட்டேன். பெயர் சொல்லிப் போட்டது "மேனுவல்" கணக்கில் வரும், ஆட்டோரிமூவ் தொடாது. ஏற்கெனவே இருப்பதை ஆப்ட்-மார்க் மேனுவல் என்று குறித்துவிடலாம்.

விசித்திரம்: துனார்-ஆர்க்கைவ்-பிளகின் மட்டும் போகவில்லை. அதையும் குடீஸ்தான் கூட்டிவந்தது. எப்படித் தப்பித்தது?

26-08-2024

விடை கிடைத்தது. ஆட்டோரிமூவ் ஒரு பொதியைத் தூக்குமுன் அதை வேறு யாராவது ரெக்கமெண்ட் செய்கிறார்களா என்று மட்டுமல்ல, சஜெஸ்ட் செய்கிறார்களா என்றும் பார்க்கிறது. அதுதான் இயல்பான அமைப்பு. துனாரின் சஜெஸ்ட்ஸ் வரியில் இந்தப் பிளகின் இருக்கிறது, துனார் கணினியில் இருக்கிறது, ஆகவே கை வைக்கவில்லை.

போடும்போது மதிக்காத வரியை, எடுக்கும்போது மதிக்கிறது. முதல் நாள் "சஜெஸ்ட்ஸை யாரும் படிப்பதில்லை" என்று எழுதினேன். ஆப்ட் படிக்கிறது.

இதற்கு மறுதிசையில் "என்ஹான்ஸஸ்" என்றும் ஒரு வரி உண்டு: "நான் இன்ன நிரலுக்கு வலுச் சேர்க்கிறேன்" என்று துணைப் பொதியே சொல்லிக்கொள்வது. எல்லாப் பொதிகளும் அதை நிரப்புவதில்லை. ஆனால் நிரப்பியிருந்தால் தேடுவதற்கு அதைவிட நேரான வழி இல்லை.

02-11-2024

லிப்ரெ ஆபிஸ் பற்றி மூன்று பேர் கேட்டாகிவிட்டது. சுருக்கமாக: பெட்டி பெட்டியாக விண்டோஸ் 95 காலத்துத் தோற்றத்தில் இருந்தால் லிப்ரெஆபிஸ்-ஜிடிகே3. வேர்டில் செய்த பயோடேட்டா இங்கே திறந்தால் ஒன்றரைப் பக்கம் இரண்டாகிறதா, கலிப்ரி எழுத்துரு இல்லாததால். அதே அகலத்தில் கார்லிட்டோ இருக்கிறது, ஃபாண்ட்ஸ்-கிராஸ்எக்ஸ்ட்ரா-கார்லிட்டோ. கேம்ப்ரியாவுக்கு கலாடியா. ஏரியல், டைம்ஸுக்கு லிபரேஷன் எழுத்துருக்கள். எம்எஸ் எழுத்துருப் பொதியை நிறுவப்போய் உரிமப் பக்கத்தில் மாட்டிக்கொண்டவர்கள் டேப் விசையை அழுத்தி எண்டர் தட்டுங்கள். மவுஸ் அங்கே எடுபடாது. நான் முதல் முறை டெர்மினலையே மூடினேன்.

பாமினியில் அடித்த கல்யாணப் பத்திரிகையை எந்தப் பொதியும் காப்பாற்றாது. அது எழுத்துருப் பிரச்சினை இல்லை, குறியாக்கப் பிரச்சினை. அதை இங்கே ஆரம்பித்தால் விடிந்துவிடும்.

19-01-2025

தேடலுக்கு கேட்ஃபிஷ் அவசியம் என்று தனியே ஒருவரிடம் சொல்லியிருந்தேன். திரும்பப் பெறுகிறேன். 4.18-லிருந்து துனாரே உள்ஃபோல்டர்கள் வரை தேடுகிறது. இரண்டாகப் பிரித்த பார்வையும் வந்துவிட்டது. ஒரு வருடமாக என் கணினியில் இருக்கிறது, இன்றுதான் பார்க்கிறேன். ஃபைலுக்குள் இருக்கும் எழுத்தைத் தேட கேட்ஃபிஷ் இன்னும் வேண்டும்.

14-09-2025

போன மாதம் 9-ஆம் தேதி டெபியன் 13 வந்தது. ஒரு ஞாயிறு ஒதுக்கி மேம்படுத்தினேன். எக்ஸ்எஃப்சிஇ 4.20. மேம்படுத்துமுன் ஆப்ட்-மார்க் ஷோமேனுவல் பட்டியலை ஒரு தாளில் அச்சடித்து, ஒவ்வொன்றின் பக்கத்திலும் எதற்காகப் போட்டேன் என்று பேனாவால் எழுதினேன். காரணம் நினைவுக்கு வராதவை பதினேழு. அவற்றை நீக்கினேன். இரண்டை மறுவாரம் திரும்பப் போட்டேன்.

15-09-2025

இந்த இழையைத் தொடங்கியவர் இன்று திரும்ப வந்திருக்கிறார். 16 ஜிபி-யில் புது லேப்டாப், கேடிஇ, டால்ஃபின். கடைசியில் மாறியேவிட்டார். சந்தோஷம். கேள்வியும் கொண்டுவந்திருக்கிறார்: டால்ஃபினில் வீடியோவுக்குத் தம்ப்நெயில் வரவில்லையாம்.

எஃப்எஃப்எம்பெக்தம்ஸ் என்று ஒரு பொதி இருக்கிறது, போடுங்கள். பிறகு டால்ஃபின் அமைப்புகளில் முன்னோட்டப் பட்டியலுக்குப் போய் வீடியோவுக்கு டிக் செய்யுங்கள். அது வரைகிற படங்களும் அதே கேஷ் ஃபோல்டரில்தான் போய் விழும். லேப்டாப்பை யாருக்காவது இரவல் கொடுக்கும் பழக்கம் இருந்தால் 18-03-2024 குறிப்பை ஒருமுறை படித்துவிடுங்கள்.